ஊத்தியாச்சு

ஊத்தியாச்சு என்றுதான் வடிவு அக்கா சொன்னாள். ஊத்திட்டேன் என்று சொல்லவில்லை. வாசலில் அது உறைக்கவில்லை, இப்போதுதான் உறைக்கிறது, தவளை அறைக் கதவை ஒட்டிய சுவரில் சாக்பீஸ் எழுத்தைப் பார்த்த பிறகு. இன்றைய தேதி, அதற்குக் கீழே ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு கிறுக்கல். ஊரெல்லாம் வீட்டுக்கு வீடு இருக்கிற அதே கிறுக்கல்தான். டெங்குக் கொசுவின் புழுவைக் கொல்ல மருந்து கொண்டு வருகிறவர்கள் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றிவிட்டு அடையாளத்துக்கு எழுதிவிட்டுப் போவது. இங்கேயும் வந்திருக்கிறார்கள். இந்தக் கட்டடத்துக்கு, இந்த மாடிக்கு, என் தவளைகள் குடியிருக்கிற தண்ணீருக்கு. நான் ஸ்கூட்டரில் உள்ளே நுழையும்போது வடிவு அக்கா எதிரே வந்தாள், தலை நிறையப் பூ, கையில் ஒயர்கூடை, அண்ணன் பேத்திக்கு மலையடிவாரக் கோயிலில் காது குத்து, தவளை அறையில் காலை வேலையை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று நேற்றே சொல்லியிருந்தாள். "மேடம், தொட்டியில மருந்து ஊத்தியாச்சு. நான் வாரேன், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். ஹெல்மெட்டுக்குள் இருந்தபடியே சரிக்கா என்று தலையை ஆட்டினேன். பெரிய மகாராணி மாதிரி தலையை ஆட்டினேன். யார் ஊத்தினது, எந்தத் தொட்டியில், என்ன மருந்து என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நம் பாஷையில் இது ஒரு பெரிய வசதி, ஊத்தியாச்சு, முடிச்சாச்சு, சொல்லியாச்சு, வேலை நடந்துவிடும், செய்தவர் மட்டும் இருக்கமாட்டார். பள்ளிக்கூடத்தில் தோன்றா எழுவாய் என்று படித்தோமே, மறைந்திருக்கும் எழுவாயைக் கண்டுபிடி என்று ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஸ்கேலால் மேசையைத் தட்டுவாள். கண்டுபிடிக்கிறேன் டீச்சர், கண்டுபிடிக்கத்தான் நிற்கிறேன், சாவி பூட்டுக்குள் போகமாட்டேன் என்கிறது.

உள்ளே எல்லாம் வழக்கம் போலத்தான் இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது. சொட்டுச் சத்தம். முப்பதுக்கு மேல் தொட்டிகள், தொட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு குழாய், ஒவ்வொரு குழாயிலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். இது நான் போட்ட அமைப்பு. இந்தத் தவளைகள் நம் வயல் தவளைகள் இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஜாதி, காலில் நகம் உண்டு, வாயில் நாக்கு கிடையாது, தரைக்கு வரவே வராது, பிறப்பும் இருப்பும் தண்ணீருக்குள்தான். முட்டைக்காக ஆராய்ச்சிக்கூடங்களில் வளர்க்கிறார்கள். தண்ணீர் அழுக்கானால் சாகும், குளோரின் இருந்தால் சாகும், சூடானால் சாகும், பித்தளைக் குழாய் வழியாக வந்தால்கூடச் சாகும். வெளிநாட்டில் இதற்கென்றே மெஷின் இருக்கிறது, பம்ப், வடிகட்டி, குளிரூட்டி, எல்லாம் வைத்த பீரோ மாதிரி ஒன்று. அதன் படத்தைத் தனராஜ் சார் காட்டினார். அவர்தான் எங்கள் கல்லூரியில் இந்தத் துறைக்குத் தலைவர். காட்டிவிட்டு, "இது நமக்கு வராது ஆவுடை, கரன்ட் போனா அதுவும் போயிரும், ரிப்பேருக்கு ஆளும் கிடையாது. நீ ஏதாவது யோசி" என்றார். யோசித்தேன். மொட்டை மாடியில் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து இந்த அறையில் ஸ்டாண்டின் மேல் ஒரு நீல டிரம், டிரம்மைச் சுற்றி ஈரச் சாக்கு, அந்த டிரம்மில் தினமும் காலையில் குளோரினை முறிக்கிற மருந்தை ஊற்றவேண்டும், அங்கிருந்து தண்ணீர் தானாக இறங்கி ஒவ்வொரு டப்பாவிலும் சொட்டும், அளவுக்கு மேல் வந்தால் நடுக் குழாய் வழியாக வழிந்து சாக்கடைக்குப் போகும். பம்ப் இல்லை, மோட்டார் இல்லை, கரன்ட் இல்லை. பழுதாவதற்கு அதில் ஒன்றுமே இல்லை என்று நானே பீற்றிக்கொண்டேன். பழுது ஒயர்கூடையோடு பஸ் ஏறிப் போகும் என்று யாருக்குத் தெரியும்.

மெயின் வால்வும் இல்லை. இப்போது அதைத்தான் கை தேடுகிறது. டிரம்முக்குக் கீழே ஒரு வால்வு இருந்தால் ஒரே திருப்பில் எல்லாம் நின்றுவிடும். வேண்டாம் என்று சொன்னது நான்தான். வால்வு இருந்தால் யாராவது மூடுவார்கள் சார், மூடினவர்கள் திறக்க மறந்துபோவார்கள், மூன்று நாள் லீவில் எல்லாம் செத்துக் கிடக்கும் என்றேன். சார் என் முதுகில் தட்டாத குறை. ஒவ்வொன்றாக மூடவேண்டும். மூடுகிறேன். சின்னச் சக்கரம், கட்டை விரலால் கீழே உருட்டினால் குழாய் நசுங்கி சொட்டு நிற்கும். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற அதே டிரிப் செட்தான், எந்த மெடிக்கலிலும் கிடைக்கும், உள்ளே சொட்டு விழுவது கண்ணுக்குத் தெரியும், வேகத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்டார்கள். சும்மா தோன்றியது என்று சொல்லிவைத்தேன். சும்மா தோன்றுமா? போன மழைக்காலத்தில் பாப்பாவுக்கு டெங்கு. என் பூரணி, ரெண்டாம் வகுப்பு, அந்தப் பெரிய கட்டிலில் இத்தனூண்டாகக் கிடந்தாள், ரத்தத்தில் தட்டணு இறங்குகிறது இறங்குகிறது என்று காலையும் மாலையும் வந்து சொன்னார்கள், அவள் கையில் ஏறுகிற அந்தச் சொட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணைக் கொட்டினால் நின்றுவிடும் என்று ஒரு பைத்தியக்காரத்தனம். ஒரு சொட்டு குழாய்க் கூட்டுக்குள் திரண்டு தொங்கும், விழுமா விழாதா என்று நெஞ்சு நிற்கும், விழும், அடுத்தது திரளும். நர்ஸ் வந்து கட்டை விரலால் சக்கரத்தை ஒரு உருட்டு உருட்டிவிட்டுப் போவாள், எத்தனை லேசாக உருட்டினாள், என் பிள்ளையின் உயிரை ரேடியோ சத்தம் குறைக்கிற மாதிரி. ஒன்பதாவது டப்பா. எட்டு எங்கே, எட்டை விட்டுவிட்டேனா? திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். மூடித்தான் இருக்கிறது.

மூடியாயிற்று. பார், நானும் ஆயிற்று என்கிறேன். மூடினேன். நான் மூடினேன். சொட்டுச் சத்தம் நின்ற பிறகுதான் அந்த அறை எவ்வளவு சின்னது என்று தெரிகிறது. வடிவு அக்காவுக்குப் போன் போட்டால், நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அந்தப் பெண் சொல்கிறாள், தமிழிலும் சொல்கிறாள், இங்கிலீஷிலும் சொல்கிறாள், மறுபடி போட்டால் மறுபடி அதையே சொல்கிறாள், கொஞ்சம்கூடச் சலிப்பில்லாத குரல். மலைப்பக்கம் பஸ் திரும்பினால் டவர் போய்விடும். சரி, யோசி ஆவுடை, யோசிக்கத்தானே உன்னை வைத்திருக்கிறார்கள். மருந்து பாட்டிலைப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்கிறேன். பாட்டில் அலமாரித் தட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. காலி. கடைசிப் பாட்டில், புதிது நாளைக்குத்தான் வரும். அப்படியானால் இன்று காலை அதைத்தான் டிரம்மில் ஊற்றியிருக்கிறாள், தீர்ந்ததும் கழுவி வைத்திருக்கிறாள். நிம்மதி. எத்தனை நேரத்துக்கு? மூச்சை விட்டு முடிப்பதற்குள் இன்னொன்று வருகிறது, சுவரில் எழுத்து அப்படியே இருக்கிறதே, நேற்றே தீர்ந்திருந்தால்? நேற்று மழையில் நான் சீக்கிரம் கிளம்பிவிட்டேன், பாட்டிலைப் பார்க்கவில்லை. நேற்றே கவிழ்த்து வைத்திருந்து, இன்று காலை ஊற்ற ஒன்றுமில்லாமல் நின்றபோது அவர்கள் வந்திருந்தால்? அக்கா, தொட்டி எங்க இருக்கு, மருந்து ஊத்தணும். இந்தா இங்கதான் இருக்கு, நல்ல வேளை வந்திய, எங்க மருந்து தீந்துபோச்சு. அவளுக்கு எல்லாம் மருந்துதானே. அவளுக்கு என்ன, எனக்கும்தான். குளோரினை முறிக்கிற உப்புக்குப் புத்தகத்தில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது, அதை நான் வாயால் சொல்லி எவ்வளவு காலமாயிற்று, அக்கா மருந்து ஊத்தியாச்சா என்றுதான் தினமும் கேட்கிறேன். பெண் தவளைக்கு முட்டையிட ஊசி போடுகிறோமே, அதுவும் மருந்து. பாப்பாவுக்கு இனிப்பாக ஆரஞ்சு நிறத்தில் வருவதும் மருந்து. கொசுவுக்கு அடிப்பது, வயலுக்கு அடிப்பது, கரப்பான் பூச்சிக்கு வைப்பது எல்லாம் மருந்து. கல்யாணமான புதிதில் நாங்கள் இருந்த காம்பவுண்டில் கடைசி வீட்டு வேலம்மாள், ஒரு நாள் காலையில் எல்லோரும் ஓடினார்கள், என்ன என்று கேட்டதற்கு மருந்தக் குடிச்சிட்டா என்றார்கள். நான் அப்போது, காய்ச்சலா, எதற்கு மருந்து என்று கேட்டேன். அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது அடித்த வாடை, வாசலை எத்தனை கழுவியும் போகாத வாடை. பிழைக்க வைப்பதற்கும் சாகடிப்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை கோடி பேர் எப்படித்தான் குழப்பமில்லாமல் இருக்கிறோமோ தெரியவில்லை.

வாடை. டிரம்மின் மூடியைத் தூக்கி முகர்கிறேன். ஒன்றுமில்லை. ஈரச் சாக்கு வாடைதான் வருகிறது. கொசு மருந்தில் அப்படி ஒன்றும் வாடை வராது, மக்கள் குடிக்கிற தண்ணீரிலேயே ஊற்றுகிறார்கள், மனிதருக்கு ஒன்றும் ஆகாது என்று அவர்களே சொல்லித்தான் ஊற்றுகிறார்கள். மனிதருக்கு. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் குடிக்கிறது, உடம்பு முழுக்க வாய். பெரிய தவளைக்கு எவ்வளவு தாங்கும், எனக்குத் தெரியாது. கடைசி வரிசையில் இருக்கிற தலைப்பிரட்டைகளுக்கு எவ்வளவு தாங்கும், அதுவும் தெரியாது. தெரியாது என்பதில் எத்தனை சாவு அடங்கியிருக்கிறது. இவை செத்தால் இந்த அறையைப் பூட்டிவிடுவார்கள், தவளையும் வேண்டாம் சொட்டும் வேண்டாம் என்பார்கள், என் வேலை இந்த அறையை நம்பித்தான் இருக்கிறது, அது ஒரு பக்கம். ஆனால் இப்போது அது பெரிதாகத் தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை. இவை கண்ணை மூடாமல் பார்க்கின்றன, அதுதான் தாங்கவில்லை. இதுகளுக்கு இமை கிடையாது. கண்கள் தலை உச்சியில் மேல்நோக்கி இருக்கும், மூடியைத் திறந்தால் நேராக என்னைத்தான் பார்க்கும். நான் என்ன தண்ணீர் தருகிறேனோ அதில்தான் கிடக்கும், பிடிக்கவில்லை என்று வெளியே வர வழியில்லை. கலெக்டரம்மா மிதக்கிறாள். அது வடிவு அக்கா வைத்த பெயர், இருப்பதிலேயே பெரிய பெண் தவளை, அவள் நகர்ந்தால் மற்றதெல்லாம் ஒதுங்கி வழிவிடும். கையை விரித்துக்கொண்டு மேலே மிதக்கிறாள். எப்போதும் இப்படித்தான் மிதப்பாள். எப்போதும் இப்படித்தானா? இடது கை கொஞ்சம் தொங்குகிற மாதிரி இருக்கிறது. நேற்றும் தொங்கியதா? தொண்டை துடிக்கிறது, வேகமாகத் துடிக்கிறதோ? தோல் உரிகிறது, மெல்லிசாகக் கண்ணாடித் தாள் மாதிரி கழுத்தில் சுருண்டு நிற்கிறது. தோல் உரிப்பது சகஜம், உரித்து அவளே தின்றுவிடுவாள், ஆனால் இன்றைக்கு ஏன் உரிக்கிறாள்? வந்த நாள் முதல் தினமும் பார்க்கிற உடம்பு, இன்று ஒவ்வொரு அங்கமும் குற்றப்பத்திரிகை வாசிக்கிறது. விரலால் லேசாகத் தொடுகிறேன். சட்டென்று முங்கிவிட்டாள். அப்பா. முங்கினது உயிர் இருப்பதாலா, வலியாலா?

தண்ணீரை மாற்றிவிடலாம். அதுதான் அறிவுள்ள எவரும் செய்வது. எந்தத் தண்ணீரால்? பாத்ரூம் குழாயும் அதே மொட்டை மாடித் தொட்டிதான். கீழே தோட்டத்துக் குழாய் மட்டும் தெருவிலிருந்து நேராக வருகிறது, வாளி கொண்டுபோய்ப் பிடித்து வந்துவிட்டேன், படியேறும்போது பாதி என் சேலையில். மழைக்காலம் என்று குளோரினை வாரிக் கொட்டியிருக்கிறார்கள், வாளிக்குள் குனிந்தால் மூக்கு எரிகிறது. முறிக்க மருந்து இல்லை. வெயிலில் ஒரு நாள் வைத்தால் கொஞ்சம் போகும், இப்போது ஒரு நாளுக்கு எங்கே போவேன். ஆக, இந்தப் பக்கம் விஷம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்தப் பக்கம் நிச்சயமாக இருக்கிறது. இருக்கலாம் என்பதில் விடுவதா, இருக்கிறது என்பதில் போடுவதா? ஒரு தவளையை மட்டும் வாளியில் விட்டுப் பார்க்கலாம், எவ்வளவு தாங்குகிறது என்று. சோதனை செய்து பார்ப்பதுதானே எங்கள் தொழில். எதை விடுவது? மூலை டப்பாவில் ஒரு ஆண் தவளை, ஒல்லி, பெயர்கூட இல்லாதது. பெயர் இல்லாததைத்தான் கை தேடிப் போகிறது, பார்த்தாயா. வழுக்கிக்கொண்டு கைக்குள் வந்துவிட்டது, வாளிக்கு மேலே பிடித்திருக்கிறேன், பின்னங்கால் என் மணிக்கட்டை உதைக்கிறது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன் இருந்தான், பாப்பா வயசுதான். ஒரு விடியற்காலையில் அவன் கட்டில் காலியாக இருந்தது. எனக்கு முதலில் என்ன தோன்றியது? நம்முடையது இல்லை, அப்பாடா. அதைத்தான் நினைத்தேன், அவன் அம்மா தரையில் உட்கார்ந்து தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள், நான் பாப்பாவின் சொட்டை எண்ணிக்கொண்டு அப்பாடா என்று நினைத்தேன். அந்த ஒல்லித் தவளையைத் திரும்ப அதன் டப்பாவிலேயே விடுகிறேன். என்னால் முடியாது. வாளியைக் காலால் தள்ளி வெளியே வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று உட்கார்ந்து, ஒன்றும் ஆகக்கூடாது சாமி, ஒன்றும் ஆகக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன் அடித்தபோது மடியிலிருந்து அது கீழே விழுந்தது. வடிவு அக்காதான். பின்னால் மேளச் சத்தம். "என்ன மேடம், இம்புட்டு மிஸ்டு கால் கெடக்கு? இங்க டவரே இல்ல, இப்பதான் கெடைக்கி." அக்கா, தொட்டியில என்ன மருந்து ஊத்தினிய என்று கத்துகிறேன். "நம்ம மருந்துதான் மேடம், வேற என்ன மருந்து? டிரம்முலதான் ஊத்தினேன். கடைசி பாட்டிலு, கழுவிக் கவுத்தி வச்சிருக்கேன், பாக்கலியா?" நீங்கதான ஊத்தினிய? "நாந்தான் மேடம். நான் ஊத்தாம வேற யாரு ஊத்துவா?" அப்படியானால் சுவரில் எழுதியிருக்கிறதே என்கிறேன். "அதுவா. கொசு மருந்து ஆளு வந்தாரு. மொட்டமாடித் தொட்டிக்கு ஏறணும், ஏணி குடுங்கன்னாரு. ஏணியத்தான் போன வாரமே ஹாஸ்டல்காரவுக வாங்கிட்டுப் போயிட்டாவள்லா, இன்னும் கொண்டு தரல. போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்கன்னேன். அவரு ஒரு நிமிசம் அண்ணாந்து பாத்தாரு. சரி விடுங்கக்கா, ஏறினதாவே இருக்கட்டும்னு சொல்லி, எழுதிட்டுப் போயிட்டாரு." ஊத்தலியா அக்கா? கொஞ்சம்கூட ஊத்தலியா? "எங்க ஊத்துனாரு. வந்தாரு, எழுதுனாரு, போனாரு. நல்லதுதான மேடம், நம்ம தவளைக்கு?" நல்லதுதான். நல்லதுதான் அக்கா. அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரியவில்லை, பிள்ளைக்குக் காது குத்தும்போது ஒருத்தி இப்படி அழுவாளா என்று அவள் நினைத்திருப்பாள். ஏறினதாவே இருக்கட்டும். அந்த மனுஷன் நன்றாக இருக்கட்டும், அவர் முழங்கால் வலிக்கட்டும், இந்த ஊரில் ஒரு ஏணியும் அவருக்குக் கிடைக்காமல் போகட்டும்.

ஒவ்வொரு சக்கரமாகத் திறக்கிறேன். கட்டை விரலால் மேலே உருட்டினால் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழுகிறது. அடுத்தது. மறுபடி சத்தம் வந்து அறை பெரிதாகிக்கொண்டே போகிறது. தலைப்பிரட்டைகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வாலை ஆட்டுகின்றன, ஒன்றும் நடக்காத மாதிரி, ஒன்றும் நடக்கவில்லைதானே. கலெக்டரம்மா மேலே வந்துவிட்டாள், தன் தோலைத் தானே வாயில் திணித்துக்கொள்கிறாள், சாப்பிடு தாயே. எழுத்தைப் பார்த்து எவ்வளவு பயந்துவிட்டேன். எழுதியிருந்தால் ஊற்றியிருக்கவேண்டும் என்று எப்படி அத்தனை உறுதியாக நினைத்தேன்? நினைக்கத்தானே செய்வோம். எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில்கூட வரிசையாக இருக்கிறது, ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு தேதி, ஒரு வட்டம், ஒரு கிறுக்கல், மழையில் கொஞ்சம் அழிந்து மறுபடி புதிதாக, ஸ்கூட்டரை எடுக்கும்போது பார்ப்பேன், பரவாயில்லை, நம் தெருவில் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். பாப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதைப் பார்க்கும்போது ஒரு தெம்பு. கேட் பூட்டியிருக்கும். நான் இங்கே, வீட்டுக்காரர் மில்லில், பாப்பா பள்ளிக்கூடத்தில், சாயங்காலம் வரை பூட்டுத்தான். மாடிப்படி கேட்டுக்கு உள்ளே இருக்கிறது. தொட்டி மாடியில் இருக்கிறது.

கை சக்கரத்தின் மேலேயே நின்றுவிட்டது. பூட்டின கேட்டுக்குள் யார் போவார்கள்? யாரும் போகவில்லை. ஏறினதாவே இருக்கட்டும், ஏறினதாவே இருக்கட்டும் என்று வாராவாரம் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள், போன மழைக்காலத்திலும் அப்படித்தான், நான் அதைப் படித்துவிட்டு அந்தத் தண்ணீரில்தான் பாப்பாவைக் குளிப்பாட்டினேன், போதாததற்குத் திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் படுக்கப்போட்டேன். வீட்டுக்குப் போன் போடுகிறேன். அவருக்கு இன்று மதிய ஷிஃப்ட், பாப்பாவுக்கு மழை லீவு, காலையிலிருந்து நல்ல வெயில், லீவு விட்டால் வெயில் அடிப்பது வழக்கம்தான். "என்ன ஆவுடை?" என்கிறார். கொட்டாவி. மாடிக்குப் போய்த் தொட்டியைத் திறந்து பாருங்க என்கிறேன். "இப்பவா? நெறஞ்சுதான் கெடக்கு, காலைலதான மோட்டார் போட்டேன்." ஏறுங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம், ஏறிப் பாருங்க. முணுமுணுத்துக்கொண்டு ஏறுகிறார். காற்றுச் சத்தம் வருகிறது, மாடிக்கு வந்துவிட்டார். "மூடி ஒரு பக்கம் ஒடஞ்சி கெடக்கு, பாத்துக்கோ. எப்ப ஒடஞ்சிதோ." உள்ள என்ன இருக்கு? "தண்ணிதான் இருக்கு." குனிஞ்சு பாருங்க, நல்லாப் பாருங்க. உடைந்த மூடி நகருகிற சத்தம். இங்கே பத்துப் பதினைந்து சொட்டு விழுந்திருக்கும். என்னங்க, என்கிறேன். "நெளியுது" என்கிறார், கொட்டாவி எல்லாம் போன குரலில். "நெறைய நெளியுது ஆவுடை."

பாப்பா எங்க?

"கீழதான். இன்னும் எந்திரிக்கல. லீவுதான, கெடக்கட்டும்னு எழுப்பல."

தொட்டுப் பாருங்க என்கிறேன். நெத்தியத் தொட்டுப் பாருங்க, போங்க, போனைக் கட் பண்ணாதிய. படியில் அவர் செருப்பு இறங்குகிற சத்தம் கேட்கிறது. வேகமாக இறங்குகிறார்.